தாம்பாளத்தில் தெரியாத ப்ராசசர்

கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார். ஐயையோ, நீங்க எந்திரிக்க வேண்டாம், இந்தப் பெட்டியைத்தான் உள்ளே தள்ளணும். சன்னல் ஓரம் இவன் இருக்கட்டும், நடுவில் நீங்க, இந்த முனையில் நான். டிரைவருக்குப் பின்னாடி இன்னொருத்தன் நிக்கிறான் பாருங்க, அவனும் நம்ம ஆள்தான். ரெண்டு பேருக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டாச்சு. கண்டக்டர் தட்டிப் பார்த்துட்டு, "உள்ள என்ன தம்பி, டிவியா?"ன்னாரு. ஒண்ணும் இல்லைன்னேன். "ஒண்ணும் இல்லாததுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?" அவர் பேசினா இப்படித்தான் சார் இருக்கும், பாதிச் சத்தம் மூக்கு வழியா வரும். சிரிக்காதீங்க, திரும்பிப் பார்க்கிறாரு.

சத்தியமா உள்ளே ஒண்ணும் இல்லை. கம்ப்யூட்டரோட வெறும் கூடு இது. கேபினெட்னு சொல்வாங்க. ஒரு பக்கம் கண்ணாடி, முன்னாடி மூணு காத்தாடி, பின்னாடி ஒண்ணு. சிவப்பு, நீலம், பச்சைன்னு மாத்தி மாத்தி எரியும். எரியும்னா, உள்ளே மத்த சாமான் எல்லாம் இருந்தா எரியும். இப்போதைக்கு இது கண்ணாடி வச்ச தகர டப்பா. அதுவும் ரெண்டு டப்பா. ரெண்டையும் மதுரையில வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுக்கப் போறேன். ஆரப்பாளையம் போய்ச் சேர்றதுக்குள்ள நான் முழுசா சொல்லிடுறேன், யார் பக்கம் தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

என் பேர் துருவன். உத்தமபாளையம். இந்த வருஷம்தான் பன்னெண்டாவது முடிச்சேன். எனக்கு ஒரு பழக்கம், யார் பேசினாலும் ரெண்டு நிமிஷம் கேட்டா அந்தக் குரல் எனக்கு வந்துடும். எங்க ஹெட்மாஸ்டர் குரல்ல ஒருநாள் மைக்கில லீவு விட்டேன், முழுப் பள்ளிக்கூடமும் வீட்டுக்குப் போயிடுச்சு. ஹெட்மாஸ்டரும் பாதித் தூரம் போயிட்டாருன்னு சொல்வாங்க, அது பொய், கேட் வரைக்கும்தான் போனாரு. இப்பத் தேனியில வண்டி கிளம்பி, கண்டக்டர் டீ கிளாஸோட ஓடிவந்து ஏறினாருல்ல, அந்த "போலாம் ரைட்" யார் கொடுத்ததுன்னு நினைக்கிறீங்க? சரி, அது கிடக்கட்டும்.

எட்டு மாசமா நான் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டிக்கிட்டு இருக்கேன் சார். வாங்குறது இல்லை, கட்டுறது. கடையில ஒட்டுமொத்தமா வாங்கினா நம்ம கைக்கு எட்டாது. ஒவ்வொண்ணாப் பொறுக்கிச் சேர்த்தா எட்டும். ப்ராசசர்னு ஒண்ணு, அதுதான் மூளை. மதர்போர்டுன்னு ஒரு பலகை, எல்லாத்தையும் அதுலதான் சொருகணும். விளையாட்டுல படம் ஓட கிராபிக்ஸ் கார்டு. இந்த மூளை அந்தப் பலகையில உட்காராது, அந்தப் பலகைக்கு இந்த ராம் சேராது. நான் பட்டியல் எழுதி எழுதி அடிச்ச நோட்டு ரெண்டு முடிஞ்சிருச்சு. சோறு தின்னும்போதுகூட ரசத்துல விரலை முக்கி, தட்டுல சொருகுற இடமெல்லாம் வரைஞ்சுக்கிட்டு இருப்பேன். கார்டை இறக்கினா மூளையை ஏத்தலாமா, மூளையை இறக்கினா கார்டை ஏத்தலாமா, இதே நினைப்புதான். உட்கார முடியாது, நிக்க முடியாது. கல்யாண ரிசப்ஷன்ல மிமிக்ரி பண்ணின காசுல ராமும், கேமெல்லாம் ஏத்தி வைக்கிற எஸ்எஸ்டியும், கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையும் வாங்கிட்டேன். பாக்கி மூளை, பலகை, கார்டு.

கம்மிக் காசுல கட்டுறவனுக்கு ஒரே விதிதான் சார். கூட்டுல காசைப் போடக் கூடாது. செருப்பு வாங்கின அட்டைப் பெட்டிக்குள்ள வச்சு ஓட்டினாலும் கேம் ஓடும். இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

எங்க அப்பா லைன்மேன். கம்பத்து மேல இருந்து கீழ நிக்கிறவனைக் கூப்பிட்டே பழகின தொண்டை. காதுக்குப் பக்கத்துல நின்னாலும் அதே சத்தம்தான். "வீட்டுக்கு இன்னும் சன்னல் கதவு மாட்டலை, உனக்கு மூளை வேணுமோ?"ன்னாரு. நாங்க அப்பத்தான் புது வீடு கட்டி முடிக்கிற நேரம். பழைய டிவியை எடுத்துக்க, அதுதான் என் பங்குன்னு முடிச்சுக்கிட்டாரு.

அப்பத்தான் எனக்கு யோசனை வந்தது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது அம்மா பிறந்த வீட்டுச் சீர் வரும்ல? எங்க பக்கம் அது பெருசு சார். மேளத்தோட, தாம்பாளத்தோட, தெருமுனையில இருந்து ஊர்வலமா வரும். பீரோ, பிரிட்ஜ், கட்டில்னு ஆளு ஆளுக்குத் தூக்கிட்டு வருவாங்க. பீரோவுக்குப் பதிலா மூளை கொண்டாந்தா என்ன?

எனக்கு ரெண்டு தாய்மாமன். பெரிய மாமா கோட்டைச்சாமி, சின்னமனூர்ல வாழைக்காய் மண்டி. எதைக் கையில எடுத்தாலும் "எத்தனை கிலோ இருக்கும்?"னுதான் கேப்பாரு, பிறந்த பிள்ளையையும் அப்படித்தான் கேட்டாரு. சின்ன மாமா தவமணி, போடியில கிரில் பட்டறை. எதைத் தொட்டாலும் விரலால சுண்டி, "தகடு என்ன கேஜு?"ம்பாரு, கனத்தைக் கேக்குறாராம். ரெண்டு பேரும் பேசி நாலு வருஷம் ஆச்சு. என்ன சண்டைன்னு கேளுங்க. ஒரு கல்யாணப் பத்திரிகை. அச்சுக்குக் கொடுத்தது சின்ன மாமா. "நல்வரவை விரும்பும்"னு போடுற இடத்துல தம்பி பேர் மேல வந்திருச்சு, அண்ணன் பேர் கீழ போயி பத்திரிகை மடிப்புல விழுந்திருச்சு. அதுக்கு நாலு வருஷம். எங்க அம்மா எங்க வீட்டுப் பத்திரிகையில எவன் பேரும் வேண்டாம்னு சாமி படத்தை மட்டும் பெருசாப் போட்டுட்டாங்க.

நான் முதல்ல என் சொந்தக் குரல்லதான் சார் கேட்டேன். பெரிய மாமாகிட்ட, ப்ராசசரும் போர்டும் சீரா வைங்கன்னேன். "அவன் என்ன வைக்கிறான்?"ன்னாரு. சின்ன மாமாகிட்டப் போயி கார்டு கேட்டேன். "அவர் என்ன வைக்கிறாரு?"ன்னாரு. அவர் சொல்லாம இவர் சொல்ல மாட்டாரு, இவர் சொல்லாம அவர் சொல்ல மாட்டாரு. பால் காய்ச்ச இருபது நாள்தான் இருக்கு. எனக்குக் கை கால் ஓடலை. ரெண்டு பேரும் ஒரே ஒரு தடவை போன்ல பேசிக்கிட்டா முடிஞ்சிடுற வேலை. பேச மாட்டாங்க. சரி, பேச வைப்போம்னு ஒரு புது சிம் வாங்கினேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் மண்டியில ஏலம் ஓய்ஞ்ச நேரம் பார்த்து, சின்ன மாமா குரல்ல பெரிய மாமாவுக்குப் போட்டேன். நேரா விஷயத்துக்கு வந்தா போனை வச்சிருவாருல்ல. அதனால முதல் வரியிலேயே சண்டையை முடிச்சிரலாம்னு, "மன்னிச்சிருங்கண்ணே, அந்தப் பத்திரிகை விஷயத்துல தப்பு என் மேலதான். அது போகட்டும், மருமகனுக்கு ஏதோ கம்ப்யூட்டர் சாமான் வேணுமாம்ல"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன்.

கட் ஆயிருச்சோன்னு பார்த்தேன், நிமிஷம் ஓடிக்கிட்டு இருக்கு. அப்புறம், "சாப்டியாடா?"ன்னாரு.

நான் மூளையில இருக்கேன் சார், அவர் சாப்பாட்டுல இருக்காரு. சாப்பிட்டேன்னேன். அதுக்கு மேல நாற்பது நிமிஷம். சின்ன வயசுல ரெண்டு பேரும் தண்ணியில்லாத கிணத்துல விழுந்து கிடந்தது, தம்பியை முதுகுல ஏத்தி மேல தள்ளினது, மேல போனவன் ஆளைக் கூட்டியாராம கருவேல மரத்துல கிளி பிடிக்கப் போயிட்டது. ஒரு இடத்துல தும்மல் போட்டு மூக்கை உறிஞ்சிக்கிறாரு. நான் நடுவுல நடுவுல "போர்டுண்ணே, போர்டு"ங்கிறேன், யார் காதுல விழுது? என் ரீசார்ஜ்ல பாதி அன்னைக்கே போச்சு.

அடுத்து சின்ன மாமா. பெரிய மாமா குரல்ல "டேய், நான்தாண்டா"ன்னேன். "அண்ணே, ஒரு நிமிஷம்ணே, மெஷினை நிப்பாட்டிக்கிறேன்"ன்னாரு. நிப்பாட்டினாரு. அப்புறம் மூச்சு மட்டும்தான் கேக்குது. என்னடான்னா, "ஒண்ணும் இல்லண்ணே, வெல்டிங் புகை"ங்கிறாரு. மெஷினை நிப்பாட்டின பிறகு ஏது புகை?

ரெண்டு பேர்கிட்டயும், இது என் புது நம்பர், வீட்டுல தெரிய வேண்டாம், இதுலயே கூப்பிடுங்கன்னு வச்சிருந்தேன். தப்பு அங்கதான் சார். ஒரு தடவையோட முடியும்னு பார்த்தேன். அன்னையில இருந்து தினமும் ரெண்டு பேரும் அந்த நம்பருக்கே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு அவர், ரெண்டரைக்கு இவர். ஒரு வாய் நிம்மதியாத் தின்ன முடியலை. நான் சொந்தமா எதையும் சேர்க்கலை சார், அதை நீங்க நம்பணும். அண்ணன் சொன்னதை அண்ணன் குரல்ல தம்பிக்குச் சொன்னேன், தம்பி சொன்னதைத் தம்பி குரல்ல அண்ணனுக்குச் சொன்னேன். பெரிய அத்தைக்கு முட்டி வலின்னா சின்ன மாமா தைலம் பேர் சொல்வாரு, அதை நான் எழுதி வச்சு மறுநாள் ஒப்பிக்கணும். பட்டறைக்கு லோன் கிடைச்ச சந்தோஷத்தை ரெண்டு தடவை கேக்கணும், ஒரு தடவை காதுல, ஒரு தடவை என் வாயில. நான் சேர்த்தது கம்ப்யூட்டர் பேச்சு மட்டும்தான்.

ஒருநாள் அவசரத்துல பேரைப் பார்க்காம எடுத்து, பெரிய மாமாகிட்டயே பெரிய மாமா குரல்ல "என்னடா?"ன்னுட்டேன். உயிர் போயி வந்திச்சு. அவர், "ஏண்டா, உன் குரலு வரவர என் குரலு மாதிரியே ஆயிருச்சே"ன்னு சந்தோஷப்படுறாரு. பிறகு, "நம்ம அய்யா குரல்டா அது"ங்கிறாரு.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவங்க பாட்டுக்கு அடுப்படியில நிப்பாங்க, திடீர்னு வந்து, "மாமா ரெண்டு பேரும் வருவாங்களாடா?"ம்பாங்க. வராம எங்க போவாங்க, மூளை யார் தருவான்னு நான் சொல்வேன். அரைமணி கழிச்சு மறுபடி வந்து அதையே கேப்பாங்க. ஒருத்தர் வந்து ஒருத்தர் வரலைன்னா ஊர் முன்னாடி எப்படி நிப்பேன்னு புலம்புவாங்க. எனக்கு இருக்கிற டென்ஷன்ல இது வேற. ஒருத்தர் வரலைன்னா எனக்குத்தானே சார் நஷ்டம், கார்டு இல்லாம மூளையை மட்டும் வச்சு நான் என்ன பண்ண?

கடைசியில பெரிய மாமா மதுரைக்குக் கிளம்பினாரு. நானும் கூடப் போனேன். கடைக்காரர் ப்ராசசரை எடுத்து மேசையில வச்சாரு. பார்த்திருக்கீங்களா சார்? பிஸ்கட் அளவுதான் இருக்கும், மாரி பிஸ்கட்டைச் சதுரமா வெட்டின மாதிரி. மாமா அதைப் பார்க்கிறாரு, என்னைப் பார்க்கிறாரு. "இது எத்தனை கிலோ இருக்கும்?" கடைக்காரர் மூணு பவுன் கூட வராதுங்க ஐயான்னாரு. "இதைத் தாம்பாளத்துல வச்சு, வாழைப்பழத்துக்கு நடுவுல தெருவுல தூக்கிட்டு வந்தா எவன் கண்ணுக்குடா தெரியும்? கோட்டைச்சாமி தங்கச்சிக்குப் பழம் மட்டும் கொண்டாந்தான்பான்." மாமா, விலை பெருசு மாமான்னேன். விலைச் சீட்டையா நெத்தியில ஒட்டிக்கிட்டு வர முடியும்னாரு. அப்புறம் கடையைச் சுத்திப் பார்த்து, "இதுல எது பெருசு?"ன்னு கேட்டு, இவனை வாங்கிட்டாரு. சன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கானே, இவனை.

நான் கெஞ்சினேன் சார். கூட்டுல காசைப் போடக் கூடாது மாமான்னு அழாத குறை. "அந்தப் பொடிசைத் தம்பி வாங்குவான்"னுட்டாரு. மறுநாள் அந்த சிம்முல என்னையே கூப்பிட்டு, "தம்பி, நான் பெட்டி வாங்கிட்டேன், மூத்தவன்ல. அந்தப் பொடிசு சாமானை நீ பார்த்துக்க"ன்னாரு. நான் சின்ன மாமா குரல்ல முடியவே முடியாதுன்னு சண்டை போட்டேன். சிரிக்கிறாரு, நான் ஒத்துக்கிட்டதாவே எடுத்துக்கிட்டாரு.

சரி, சின்ன மாமாவையாவது பிடிப்போம்னு அவரோடயும் போனேன். அதே கடை. அவர் ப்ராசசரைத் தொடக்கூட இல்லை. கேபினெட்டைச் சுண்டிப் பார்த்து, "தகடு இருபது கேஜு தேறும்"னாரு. கடைக்காரர் வாய் சும்மா இருக்குமா, முந்தாநாள் இந்தத் தம்பியோட ஒரு பெரியவர் வந்து இதைத்தான் எடுத்தாருன்னுட்டாரு. அவ்வளவுதான், அதைவிட ஒரு சாண் உயரமா இருக்கான்னு கேட்டு அங்க நிக்கிறவனை வாங்கிட்டாரு. பாசம் வேற, சீர் வேறயாம். "மூளைதானே, அண்ணன் வாங்குவாரு, பெரிய மனுஷன் சின்னச் சாமானா வாங்கினாலும் மதிப்புத்தான்"னாரு. நான் பெரிய மாமா குரல்ல போன் போட்டு, நீ பெட்டியைத் திருப்பிக் கொடுடான்னேன். கேக்கலை, மூளையை நீங்க வாங்குறதாவே வச்சுக்குவோம்ணேன்னு அவரே முடிச்சுட்டாரு. ரெண்டு வாயை வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் நானே பேசுறேன், ரெண்டு பக்கமும் நானே தோக்குறேன். இப்படி ஒரு கொடுமை யாருக்காவது நடந்திருக்கா?

பால் காய்ச்சுற நாள். காலையில மேளச் சத்தம். மேற்கு முனையில இருந்து பெரிய மாமா, கிழக்கு முனையில இருந்து சின்ன மாமா. ரெண்டு பக்கமும் முன்னால பழத் தட்டு, நடுவுல ஒரு ஆள் தோள்ல கேபினெட். மாலை போட்டு, கண்ணாடியில சந்தனம் குங்குமம் வச்சு. அம்மா ஆரத்தித் தட்டோட வாசல்ல நிக்கிறாங்க, இந்தப் பக்கம் பார்க்கிறாங்க, அந்தப் பக்கம் பார்க்கிறாங்க, தட்டுல சூடம் ஆடுது. நான் தோள் மேல வர்ற பெட்டிகளை விட்டுட்டுப் பழத் தட்டைத்தான் பார்க்கிறேன், யாராவது மனசு மாறிப் பிஸ்கட் மாதிரி எதையாவது நடுவுல வச்சிருக்காங்களான்னு. பழம்தான் சார். முழுக்கப் பழம்.

உள்ளே கொண்டாந்து ரெண்டையும் ஹாலுக்கு ரெண்டு பக்கம் வச்சாங்க. மாமா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேராப் பார்க்கலை, ஆனா ரெண்டு பேர் மூஞ்சியும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு. அப்பத்தான் பந்தல்காரர் குனிஞ்சு கண்ணாடி வழியா எட்டிப் பார்த்து, "உள்ள ஒண்ணையும் காணோமேப்பா, காத்தாடிதான் இருக்கு"ன்னாரு. இன்னொரு ஆள் அந்தப் பெட்டியைப் பார்த்து, "இதுலயும் அதே கதைதான்"னாரு. நாலு பேர் சிரிச்சாங்க. அண்ணன் தம்பி சேர்ந்து தங்கச்சிக்கு வெறும் டப்பா கொண்டாந்திருக்காங்கன்னு ஒரு குரல். யார்னு எனக்குத் தெரியும், அந்தக் குரலும் எனக்கு வரும், இப்ப வேண்டாம்.

பெரிய மாமா மூஞ்சி கறுத்திருச்சு. தம்பியைப் பார்க்காம அம்மாவைப் பார்த்துச் சொல்றாரு, உள்ள வைக்கிற சாமானை அவன்தான் வாங்குறேன்னு போன்ல சொன்னான்னு. சின்ன மாமாவும் அம்மாவைப் பார்த்துத்தான், அவர்தான் வாங்குறேன்னாரு, நான் எப்பச் சொன்னேன்னாரு. சொன்னே, சொல்லலை, சொன்னே, சொல்லலை. சத்தம் ஏறுது. மேளக்காரங்க நிறுத்திட்டாங்க. சபையில வச்சு என்னை மறுபடியும் கீழ தள்ளிட்டான்னு பெரிய மாமா சொன்னதும், சின்ன மாமா விறுவிறுன்னு வாசலுக்குப் போயி ஒரு செருப்பை மாட்டிட்டாரு. அம்மா சுவத்துல சாய்ஞ்சுட்டாங்க. ஆரத்தித் தட்டு இன்னும் கையில இருக்கு. "அண்ணே"ன்னு ஒரு தடவை சொன்னாங்க, எந்த அண்ணனைன்னு தெரியலை.

"சொன்னதுக்கு நம்பர் இருக்கு இங்க"ன்னு பெரிய மாமா போனை எடுத்து அமுக்கினாரு.

என் பாக்கெட்ல அடிச்சது சார்.

அமுக்கி நிறுத்தலாம்னு கையை விட்டேன், அவசரத்துல வெளிய எடுத்துட்டேன். எல்லாரும் பார்க்கிறாங்க. அடிச்சுக்கிட்டே இருக்கு. பெரிய மாமா என்னைப் பார்க்கிறாரு, போனைப் பார்க்கிறாரு, மறுபடி என்னைப் பார்க்கிறாரு. அப்பா பெல்ட்ல கை வச்சுட்டாரு. நான் ஓடலாம்னா, வாசல்ல சின்ன மாமா நிக்கிறாரு, ஒத்தைச் செருப்போட. அவர் மெதுவா உள்ளே வந்து என் கையில இருந்து போனை வாங்கினாரு. அதுல என்ன பேர் வருதுன்னு பார்த்தாரு. ஓங்கி அறைவாருன்னு கன்னத்தைப் பொத்திக்கிட்டேன். அவர் பச்சையை அமுக்கிக் காதுல வச்சாரு.

"சொல்லுங்கண்ணே."

பெரிய மாமா ரெண்டு எட்டுத் தள்ளி நிக்கிறாரு சார். கையை நீட்டினா தொடலாம். அவரும் போனைக் காதுல இருந்து எடுக்கலை.

"எங்கடா இருக்கே?"

"தங்கச்சி இந்திரா வீட்டுலதாண்ணே. பால் காய்ச்சுறாங்க."

ஊரே பார்த்துக்கிட்டு நிக்குது. ஒருத்தர் சிரிக்கலை. பெரிய மாமா சுவத்தைப் பார்த்துக்கிட்டே கேட்டாரு: "அன்னைக்கு முதமுதல்ல போன் போட்டப்ப, தப்பு என் மேலதான், மன்னிச்சிருங்கன்னியே. அது நீ சொன்னதுதானடா?"

நான் சொன்னது சார் அது. நான். மூளைக்குச் சீக்கிரம் போகணும்னு மூச்சு விடாம நான் சொன்ன வரி. சின்ன மாமாவுக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. நான் தலையை ஆட்டிட்டேன், ஆமா நான்தான்னு.

"நான் சொன்னதுதாண்ணே"ன்னாரு.

"சரி. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

அவ்வளவுதான் சார். அம்மா தட்டைக் கீழே வச்சுட்டு முந்தானையில மூஞ்சியை மூடிக்கிட்டாங்க. மேளக்காரன் பாட்டுக்கு ஆரம்பிச்சுட்டான். சின்ன மாமா ஒத்தைச் செருப்பைக் கழட்டி ஓரமா வச்சாரு. சிம்மோட போனையும் அவரே சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு, என் பேர்ல இருக்கிற சிம், இன்னைக்கு வரைக்கும் தரலை. நேத்து அம்மாதான், ஒருத்தர் பெட்டியை மட்டும் திருப்பினா இன்னொருத்தர் மனசு சங்கடப்படும், திருப்புறதா இருந்தா ரெண்டையும் திருப்புன்னாங்க.

இதுல யாருக்காவது என் நிலைமை தெரியுதா சார்? நான் இருபது நாள் உள்ளதை உள்ளபடி ஒப்பிச்சேன், மாத்தாம, கூட்டாம, குறைக்காம. எனக்குப் பொய்யன்னு பேரு. அப்பா மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயி நாலு வச்சாரு. சின்ன மாமா, பெரிய மனுஷன், சபையில நின்னு, ஊரே கேக்க, அவர் வாயாலயே, அவர் குரல்லயே, சொல்லாததைச் சொன்னேன்னாரு. பச்சைப் பொய். அது பொய்னு பெரிய மாமாவுக்கும் தெரியும், போன் யார் பையில அடிச்சதுன்னு அவர் பார்க்கலையா என்ன? ஒருத்தர் ஏன்னு கேக்கலை. முதல் பந்தியில அவருக்கும் பெரிய மாமாவுக்கும் பக்கத்துல பக்கத்துல இலை. பெரிய மாமா தன் இலையில இருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில வைக்கிறாரு.

நான் மூணாவது பந்தியில உட்கார்ந்தேன் சார். பாயசம் தீர்ந்து போச்சு.